போர் விண்கலத்தின் கட்டளை அறை: கதையிலும் செட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்வெளிப் போர்க்கதை எழுதுகிறவர்களும், சேலத்தில் குறும்படத்துக்கு செட் போடுகிறவர்களும் முதலில் வரைவது ஒன்றையேதான்: கலத்தின் மூக்கில் பெரிய கண்ணாடி, அதன் எதிரே கேப்டன் நாற்காலி. பாதித் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

ஏற்காடு லேடீஸ் சீட்டில் இரவு நின்றால் சேலத்து விளக்குகள் தெரியும். எது பஸ், எது லாரி என்று பிரிக்க முடியாது. 200 மீட்டர் நீள எதிரிக் கலம் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலே வெறும் கண்ணுக்கு வெறும் புள்ளிதான். ஜன்னலால் ஆகப்போவது ஒன்றுமில்லை, அடி விழுந்தால் முதலில் போவதும் அந்த அறைதான். ரேடார் வந்த இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே, தகவல் திரட்டிச் சண்டையை நடத்த, கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜிலிருந்து தனியாக ஓர் அறையைக் கடற்படைகள் பிரித்துவிட்டன. இன்று அது பெரும்பாலும் ஜன்னலே இல்லாத உள்ளறை. உங்கள் அறையையும் கலத்தின் நடுவில் வையுங்கள். சுற்றிலும் தண்ணீர்த் தொட்டிகள் இருந்தால் கதிர்வீச்சும் குறையும். மாற்று அறை ஒன்று தொலைவில் வேண்டும். இரண்டுக்குமான கேபிள்களை ஒரே குழாயில் கொண்டுபோனால் ஒரே ஓட்டையில் இரண்டும் போய்விடும்.

அடுத்தது தரை எந்தப் பக்கம் என்பது. செயற்கை ஈர்ப்பு இல்லாத கதையில், எஞ்சின் எரியும்போது எஞ்சின் இருக்கும் பக்கமே கீழே. ஆகவே தளங்களை அடுக்குமாடிபோல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். கடல் கப்பலின் வரைபடத்தை அப்படியே எடுத்தால், எஞ்சின் எரிந்ததும் எல்லோரும் பின்சுவரில் விழுவார்கள். 3ஜி முடுக்கத்தில், அதாவது பூமி ஈர்ப்பைப்போல் மூன்று மடங்கில், 4 கிலோ கை 12 கிலோவாகக் கனக்கும். எட்டித் தொடும் திரை அப்போது உதவாது. நிமிர்ந்து உட்கார்ந்தால் ரத்தம் காலுக்கு இறங்கிப் பார்வை மங்கும். அதனால் மல்லாந்த இருக்கை, கைப்பிடியிலேயே லீவர், தடவிப் பார்த்தே அடையாளம் தெரியும் குமிழ்கள். 2017-ல் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் சிங்கப்பூர் அருகே டேங்கரில் மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். தொடுதிரைக் கட்டுப்பாட்டில் ஏற்பட்ட குழப்பம் காரணங்களில் ஒன்று. 2019-ல் அமெரிக்கக் கடற்படை பழைய லீவர்களுக்கே திரும்ப முடிவெடுத்தது.

கன்சோல் (கட்டுப்பாட்டு மேசை) வெடித்துத் தீப்பொறி பறக்கும் காட்சியை விட்டுவிடுங்கள். பிரேக்கர் விழும், திரை அணையும், அவ்வளவுதான். ஆள் உயிரோடு இருந்தும் எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருப்பது அதைவிடப் பயங்கரம்.

செட் போடுகிறவர்களுக்கு: சேலத்தில் ஸ்டெயின்லெஸ் ஷீட் எளிதாகக் கிடைக்கிறதே என்று சுவரெங்கும் அடிக்காதீர்கள். ஒவ்வொரு திரையும் அதில் பிரதிபலிக்கும், கேமராவும் தெரியும். மேட் கருஞ்சாம்பல் அடித்த பிளைவுட் போதும்.

சண்டைக்கு முன் அறைக் காற்றை வெளியேற்றிவிட்டால் தீ பிடிக்காது, ஓட்டை விழுந்தாலும் காற்று சீறாது. ஆனால் எல்லோரும் விண்வெளி உடையில் இருப்பார்கள்; கத்திப் பேசினால் கேட்காது, இன்டர்காம் வேண்டும். கையுறைக்கு ஏற்ப பொத்தான்களைப் பெரிதாக, இடைவெளி விட்டு வையுங்கள். ஆயுதப் பொத்தானுக்கு மூடி போடுங்கள்.