பொங்கல் வினாடி வினாவுக்கு உலக சாதனைக் கேள்விகள் எடுப்பது எப்படி?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பொங்கல் விளையாட்டுப் போட்டியில் உறியடி, கோலத்தோடு பிள்ளைகளுக்கு வினாடி வினாவும் வைக்கிறீர்கள் என்றால், "உலகிலேயே பெரியது எது" மாதிரிக் கேள்வி நாலைந்து கட்டாயம் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே எழுதிக்கொண்டு போகாதீர்கள். சரியான விடை சொன்ன பிள்ளையைத் தப்பு என்று உட்கார வைப்பது பெரிய அநியாயம்.

முதல் வேலை, எதை வைத்து அளந்தது என்பதைக் கேள்விக்குள்ளேயே எழுதிவிடுவது. உயரமான மலை எது என்று மொட்டையாகக் கேட்டால் மூன்று விடை வரும். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட், 8,849 மீட்டர். அடியிலிருந்து உச்சி வரை அளந்தால் ஹவாயின் மவுனா கியா, பாதிக்கு மேல் கடலுக்குள் கிடந்தாலும் மொத்தம் 10,000 மீட்டரைத் தாண்டும். பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் ஈக்வடாரின் சிம்பொராசோ, பூமத்திய ரேகைப் பக்கம் பூமியே கொஞ்சம் புடைத்திருப்பதால். வேகமான விலங்கும் இப்படித்தான்: தரையில் ஓடுவதில் சிவிங்கிப்புலி, ஆனால் தலைகீழாகப் பாயும் பொரி வல்லூறு மணிக்கு 300 கிலோமீட்டரையே தாண்டிவிடும்.

அப்புறம், அந்தச் சாதனை இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். பழைய பொது அறிவுப் புத்தகங்களில் அதிக வெயில் அடித்த இடம் லிபியாவின் அல் அசிசியா, 1922-ல் 58 டிகிரி என்று இருக்கும். கருவியைப் படித்தவர் பழக்கமில்லாதவர், அளவு தப்பாகியிருக்கும் என்று உலக வானிலை அமைப்பு 2012-ல் அதை நீக்கிவிட்டது. இப்போதைய விடை அமெரிக்காவின் டெத் வேலி, 1913-ல் 56.7 டிகிரி.

வெறும் எண் பிள்ளைகள் மனதில் நிற்காது, நம்ம ஊர்க் கணக்கோடு சேர்த்துக் கேளுங்கள். இங்கே வருடத்துக்குச் சுமார் 800, 900 மில்லிமீட்டர் மழை. மேகாலயாவின் மாசின்ராமில் சராசரியே 11,800-க்கு மேல். "நமக்குப் பதிமூன்று, பதினாலு வருடம் பெய்கிற மழை ஒரே வருடத்தில் எங்கே கொட்டுகிறது?" என்று கேட்டால் தண்ணீர்க் கஷ்டம் தெரிந்த பாலக்கோட்டுப் பிள்ளை அதை மறக்காது.

மனிதர்களைப் பற்றி என்றால், உயிரோடிருப்பவர்களில் மூத்தவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள், போட்டி நாளுக்குள் விடை மாறிவிடலாம். 1997-ல் 122 வயதில் இறந்த பிரான்சின் ஜான் கல்மோ, 272 சென்டிமீட்டர் உயரமிருந்த ராபர்ட் வாட்லோ மாதிரி ஆட்களை எடுத்துக்கொள்ளலாம்.

நடுவர் கையில் இருக்கும் தாளில் விடையோடு அளவும் வருடமும் இருக்கட்டும். ஒரு பிள்ளை எழுந்து வேறு விடை சொன்னால், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேளுங்கள், காரணம் சரியென்றால் மார்க் போடுங்கள்.