கார்ட்ரிட்ஜ்களை ஒப்பிட்டுக் கேட்பது எப்படி?

இரண்டு கார்ட்ரிட்ஜ்களை (இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் முள்ளைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் சின்னப் பெட்டி) மாற்றி மாட்டிக் கேட்டால், எது கொஞ்சம் சத்தமாக வருகிறதோ அதுதான் நல்லது என்று காது சொல்லும். ஆர்டோஃபோன் 2எம் ரெட் 5.5 மில்லிவோல்ட் தரும். ஆடியோ-டெக்னிகா விஎம்95இ தருவது 4 மில்லிவோல்ட். வால்யூமைத் தொடாமல் விட்டால் ரெட் ஏறக்குறைய 2.8 டெசிபல் தூக்கலாக ஒலிக்கும். போட்டி அங்கேயே முடிந்துவிடும். அதனால் இந்த வேலையில் முக்கால்வாசி, கேட்க உட்காரும் முன்பே செய்ய வேண்டியது.

ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்கும் தனி ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜைப் பொருத்தி, கழற்றி மாட்டும் முனைப்பகுதி) வைத்துக்கொள்ளுங்கள். வயர் நிறம்: வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். ஒரு பக்கம் மட்டும் தலைகீழானால் பேஸ் மெலிந்துபோகும், பாடகர் குரல் நடுவில் நிற்காது. பழி கார்ட்ரிட்ஜ் மேல் விழும். புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்றால் ஹெட்ஷெல் பின்கள் கறுத்துவிடும். ஒரு சேனல் விட்டுவிட்டு வந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்தால் போதும்.

அடுத்தது முள்ளின் எடை, அதாவது முள் தட்டை அழுத்தும் அளவு. ரெட்டுக்கு 1.8 கிராம், விஎம்95இ-க்கு 2 கிராம். 0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் அளவி வாங்குங்கள். அளக்கும்போது சீலிங் ஃபேனை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் எண் ஓரிடத்தில் நிற்காது. அளவியின் தட்டு, இசைத்தட்டு இருக்கும் உயரத்திலேயே இருக்கட்டும். கார்ட்ரிட்ஜுக்குக் கார்ட்ரிட்ஜ் உயரம் வேறுபடும் என்பதால் டோன் ஆர்ம் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) மட்டமாக இருக்கிறதா என்றும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். இன்னொன்று: முள்தண்டைத் தாங்கும் ரப்பர் சூட்டில் இளகும். ஒன்றை ஏசி அறையிலும் மற்றதை கத்திரி வெயில் மதியத்திலும் கேட்டுவிட்டு தீர்ப்பு சொல்லாதீர்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை). ரெட்டின் உள்ளே இருக்கும் காயிலின் (கம்பிச் சுருள்) இன்டக்டன்ஸ் 700 மில்லிஹென்றி. ஒயரும் போனோ ப்ரீஆம்பும் (கார்ட்ரிட்ஜின் சிறு மின்சைகையைப் பெருக்கும் கருவி) சேர்ந்து 250 பிகோஃபாரட் என்றால், அந்தக் காயிலின் மின் ரெசனன்ஸ் 12 கிலோஹெர்ட்ஸ் பக்கம் விழும். 400 என்றால் 9.5-க்கு இறங்கிவிடும். அதற்கு மேலே ஒலி சரியத் தொடங்கும், ஜால்ரா ஓசை மங்கும். ரெட்டுக்கு 150 முதல் 300 வரை, விஎம்95இ-க்கு 100 முதல் 200 வரை என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் அளவு. இரண்டுக்கும் பொதுவாக 150 முதல் 200-க்குள் வருமாறு நீளம் குறைந்த ஒயர் போடுங்கள். ஒரே ஒயரில் ஒன்று "கூர்மை", மற்றது "மந்தம்" என்று பேசுவதில் பாதி இதனால்தான்.

இனி ஒப்பீடு. ஹெட்ஷெல் மாற்றி, எடை வைத்து, மறுபடி முள்ளை இறக்குவதற்குள் முன்பு கேட்டது மனதில் கலங்கிவிடும். பதிவு செய்துகொள்வதே வழி. ஒரே தட்டு, ஒரே பகுதி, யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக 24 பிட்டில், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரண்டின் சராசரி ஒலி அளவையும் 0.2 டெசிபலுக்குள் சமன் செய்யுங்கள். இடது வலது சேனல்களைத் தனித்தனியாகச் சமன் செய்வது இன்னும் நல்லது. கோப்புகளுக்கு அ, ஆ என்று வீட்டில் வேறு யாராவது பெயர் வைக்கட்டும். எது எது என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

எந்த இடத்தைப் பதிவது? தட்டின் கடைசிப் பாட்டை. 33⅓ வேகத்தில் வெளி ஓரத்தில் பள்ளம் முள்ளுக்கடியில் நொடிக்கு ஏறக்குறைய 51 செ.மீ. ஓடுகிறது, உள்ளே லேபிள் பக்கம் 21 செ.மீ.தான். அலைகள் அங்கே நெருங்கிக் கிடப்பதால் உருண்டை முனை நுழையத் திணறும். பாடகியின் "ஸ்" சீறுகிறதா, உச்ச ஸ்தாயியில் வயலின் கரகரக்கிறதா என்று பாருங்கள். முள்ளின் வடிவம் தரும் வித்தியாசம் அங்கேதான் பளிச்சென்று தெரியும். முதல் பாட்டை மட்டும் வைத்து விலை கூடிய முள்ளை எடைபோட்டால் காசு வீண் என்றே தோன்றும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு விஎம்95 வரிசையையே சொல்வோம். உடல் ஒன்று, முள்ளை மட்டும் கழற்றி மாற்றலாம். எலிப்டிகலையும் (விஎம்95இ-யின் நீள்வட்ட முனை) மைக்ரோலீனியரையும் (அதைவிட மெல்லிய முனை) நேருக்கு நேர் வைக்கலாம். அதிலும் அளவைச் சமன் செய்தே ஆக வேண்டும்: மைக்ரோலீனியர் 3.5 மில்லிவோல்ட்தான், 1 டெசிபலுக்கு மேல் வித்தியாசம்.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய தட்டு ஏதும் சிக்கினால் அதை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். தேய்ந்த பள்ளத்தில் மெல்லிய முனை வேறு உயரத்தில் உட்காரும். சில தட்டில் புதிதுபோல ஒலிக்கும், சிலதில் இரைச்சல் கூடும். கிடைத்தது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டென்றால் மேலே சொன்ன முள் எதுவும் ஆகாது. அதற்கு 3 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முனை வேண்டும், விஎம்95எஸ்பி அதே வரிசையில் இருக்கிறது. அந்தத் தட்டை ஆல்கஹாலால் துடைக்கவும் கூடாது, அரக்கு கரைந்துவிடும்.