மேட்டில் கடிகாரம் வேண்டாம், மூச்சு போதும்

குழுத் தொடரோட்டத்தில் மேடு நிறைந்த கட்டம் உங்கள் பங்காக வந்தால், ஏற்றத்தில் கடிகாரம் காட்டும் வேகத்தைத் துரத்தாமல் மூச்சின் அளவை வைத்து ஓடுங்கள். நாலைந்து சொற்களைச் சேர்த்துச் சொல்ல முடியாத அளவுக்கு இரைத்தால், அடியைச் சுருக்குங்கள். உச்சி வந்ததும் மட்டும் தளராதீர்கள். பெரும்பாலானோர் மூச்சை ஆற்றிக்கொள்ள வேகத்தைக் குறைப்பது அங்கேதான்; அதே முயற்சியோடு இன்னும் அரை நிமிடம் ஓடினால் வேகம் தானாகக் கூடும், முன்னால் போகிறவரையும் எட்டிப் பிடிக்கலாம்.

100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் பாதையில், ஒவ்வொரு மீட்டருக்கும் சமதளத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆற்றல் செலவாகிறது. அதே சரிவில் இறங்கும்போது மிச்சமாவது, ஏறும்போது கூடுதலாகச் செலவானதைவிடக் குறைவு. அதனால் சமதள வேகத்தை ஏற்றத்திலும் பிடித்து வைத்தால் அடுத்த மேட்டில் கால் கனத்துவிடும். ஏற்றத்தில் இழந்ததை இறக்கத்தில் ஓடி ஈடுகட்டிவிடலாம் என்ற கணக்கு பலிக்காது.

கட்டம் உச்சியிலேயே முடிகிறதென்றால் இந்தச் சிக்கனம் தேவையில்லை, கடைசி ஏற்றத்தில் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடலாம். ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும் சிறு மேடுகளுக்கும் இது வேண்டாம். ஒருவரே பல கட்டம் ஓடும் போட்டியாக இருந்தால் இறக்கத்திலும் அடக்கம் தேவை. செங்குத்தான இறக்கத்தில் தொடைத்தசை தடைபோட்டுத் தடைபோட்டு நோகும்; அந்த வலி அடுத்த கட்டத்தில்தான் தெரியும்.