மலையகத்தில் சோலார்: மப்பு மாதத்துக்குக் கணக்குப் போடுங்கள்

விற்பவர் காட்டும் கணக்கு பெரும்பாலும் வருடச் சராசரி. ஹற்றன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கம் அதை நம்பினால் ஜூன், ஜூலையில் இருட்டில்தான் இருக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவை மூடிவிடும். அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் நல்ல வெயில். அங்கே டிசம்பர் முதல் பெப்ரவரி வரைதான் மப்பு. வீடு எந்தச் சரிவில் இருக்கிறது என்பதிலிருந்துதான் கணக்குத் தொடங்குகிறது.

லைன் கரண்ட் இல்லாத சின்ன வீடு என்று வைப்போம். 5 வாட் எல்இடி பல்ப் 4, தினம் 5 மணி நேரம்: 100. 30 வாட் டிவி 3 மணி நேரம்: 90. இரண்டு போன்: 20. மொத்தம் 210 வாட்-மணி. வயரிலும் பெட்டரியிலும் வீணாவதற்காக 0.7ஆல் வகுத்தால் 300. மப்பு நாளில் முழு வெயிலுக்குச் சமமாக ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கும் என்று பிடித்தால் 200 வாட் பெனல் வேண்டும். வெயில் காலத்தில் மிஞ்சும், மிஞ்சட்டும்.

12 வோல்ட் பெட்டரிக்கு இரண்டு நாள் கையிருப்பு, அதிலும் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது: 210 × 2 ÷ 0.5 ÷ 12 = 70 அம்பியர்-மணி. 100 வாங்கினால் நிம்மதி. அதற்கு மேலே பணம் இருந்தால் பெனலில் போடுங்கள். நிரப்ப வெயில் இல்லாதபோது பெரிய பெட்டரி வைத்து என்ன செய்வது? ஈய-அமிலப் பெட்டரி வாரக்கணக்கில் அரைகுறையாகவே கிடந்தால் தகட்டில் சல்பேட் இறுகி, பிறகு சார்ஜ் ஏறவே ஏறாது. லோட் எதுவும் இல்லாமல் சில மணி நேரம் விட்டு மீட்டரால் அளந்து பாருங்கள்: 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12.2 கண்டால் அன்றைக்கு டிவி வேண்டாம். குளிரில் இந்தப் பெட்டரிக்குச் சற்றுக் கூடிய சார்ஜ் வோல்டேஜ் தேவை; பெனலுக்கும் பெட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் வெப்ப சென்சர் இருந்தால் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். லித்தியம் என்றால் வீட்டுக்குள்ளே வையுங்கள்: உறைபனி விழும் நுவரெலியா விடியலில், பூச்சியம் பாகைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் கெட்டுவிடும்.

கனத்த மப்பில் 200 வாட் பெனல் 20, 30 வாட் தந்தால் அது பழுதல்ல. மப்பில் வோல்டேஜ் அவ்வளவாக விழாது, விழுவது கரண்ட்.

மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் காலை வெளுத்திருந்து, மதியத்துக்குப் பிறகு இடி மழை கட்டும். கூரை இரண்டு பக்கம் சரிந்தால் கிழக்குப் பக்கமே மேல். பெரிய சிஸ்டம் உள்ளவர்கள் அயன், வாஷிங் மெஷின் எல்லாம் 11 மணிக்கு முன்னே முடித்துவிடுங்கள்.

லைனோடு இணைத்த சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். லைன் கரண்ட் போனால் உங்கள் சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு அடிக்கக்கூடாது என்பதற்காகவே அப்படி. கரண்ட் வெட்டிலும் வெளிச்சம் வேண்டுமென்றால் பெட்டரியோடும் ஓடக்கூடிய ஹைப்ரிட் இன்வேட்டரும் பெட்டரியும் வேண்டும். மற்றது குளிர். 49.5 வோல்ட் விஓசி (லோட் இல்லாதபோது பெனல் தரும் வோல்டேஜ்) உள்ள பெனல் 12ஐத் தொடராக இணைத்தால் 594. 600 வோல்ட் இன்வேட்டருக்குச் சரிதானே என்று தோன்றும். ஆனால் அந்த 49.5 என்பது 25 பாகைக்கான கணக்கு. ஒவ்வொரு பாகை குறையும்போதும் 0.27 சதவீதம் வோல்டேஜ் ஏறும் பெனல் 5 பாகை விடியலில் 52ஐத் தாண்டும். 12 சேர்ந்தால் 626, இன்வேட்டர் போய்விடும். 11தான் போடலாம். கொழும்பில் கணக்குப் போட்டு அனுப்பும் பிளானில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பெனலைக் குறைந்தது 10 பாகை சரித்து வையுங்கள், மழை கழுவிவிடும். அப்படியும் கீழ்ச் சட்டத்தின் ஓரம் ஈரம் தங்கிப் பாசி பிடிக்கும். ஒரு விரல் அகலப் பாசி கீழ் வரிசை செல்களை மறைத்தாலே உற்பத்தி நன்றாகக் குறையும். காலைக் குளிரில், வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். கம்பித் தேய்ப்பான் வேண்டாம். தகரக் கூரையில் ஸ்க்ரூ தகரத்தோடு நிற்காமல் கைமரம் வரை இறங்க வேண்டும், இல்லாவிட்டால் ஜூன் காற்று பெனலைத் தகரத்தோடு கிளப்பும். இடிக்காக, பெனல் பக்க வயரில் டிசி சேர்ஜ் அரெஸ்டரும் (இடியால் வரும் மிகை வோல்டேஜைத் தரைக்குக் கடத்துவது), பெனல் சட்டத்துக்கு எர்த்தும் போடுங்கள். எர்த் இல்லாத அரெஸ்டர் பெட்டிக்குள் சும்மாதான் இருக்கும்.