முட்டிக்குள் ஒரு மடிப்பு: ‘ஜவ்வு’ என்றதும் நாம் செய்யும் தவறுகள்

கோடம்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்குத் தினமும் மின்சார ரயிலில் போய் வரும் ஒரு பள்ளி ஆசிரியை என்னிடம் பிசியோதெரபிக்கு வந்தார். வயது 34. கையில் எம்.ஆர்.ஐ. படம் போட்ட பெரிய கவர். உட்காருவதற்கு முன்பே, “மேடம், எனக்கு ஜவ்வு கிழிஞ்சிருச்சாம். ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா?” என்று கேட்டார். ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தேன். எதுவும் கிழியவில்லை. மெனிஸ்கஸ் (முட்டி எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை), லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) எல்லாம் நன்றாகவே இருந்தன. கீழே ஒரு வரியில், முட்டியின் உள்பக்கத்தில் ப்ளைக்கா என்ற மடிப்பு சற்றுத் தடித்திருக்கிறது என்று மட்டும் இருந்தது. அதை யாரோ ‘ஜவ்வு’ என்று சொல்ல, பயத்தில் ‘கிழிஞ்சிருச்சு’ என்பதை இவரே சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

முதல் தவறு இந்தச் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. நம் பேச்சில் லிகமென்ட்டும் ஜவ்வு, மெனிஸ்கஸும் ஜவ்வு, குருத்தெலும்பும் ஜவ்வு, முதுகுத்தண்டு டிஸ்க்கும் ஜவ்வு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. டாக்டர் ஜவ்வு என்று சொன்னால், எந்த ஜவ்வு என்று கேட்டு, அதன் பெயரைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம்.

ப்ளைக்கா என்பது முட்டி மூட்டின் உள்ளே இருக்கும் மெல்லிய உறையில் விழுந்த ஒரு மடிப்பு. கருவில் முட்டி உருவாகும்போது மூட்டுக்குள் தடுப்புகள் இருக்கும். கரு வளர வளர அவை கரைய வேண்டும். நிறையப் பேருக்கு முழுசாகக் கரையாமல் மடிப்பாகத் தங்கிவிடுகிறது. சில்லுக்கு, அதாவது முட்டியின் முன்னால் இருக்கும் வட்ட எலும்புக்கு, மேலே, கீழே, உள்பக்கம், அபூர்வமாக வெளிப்பக்கம் என நான்கு இடங்களில் இருக்கலாம். தொல்லை கொடுப்பது பெரும்பாலும் உள்பக்க மடிப்புதான். மெத்தென்று இழுபட்டுக்கொடுக்கும் வரை அது இருப்பதே தெரியாது. வண்டியிலிருந்து விழுந்து முட்டியில் அடிபட்டாலோ, சைக்கிள், ஓட்டம், படிக்கட்டு என்று ஓயாமல் மடக்கி நீட்டினாலோ அது வீங்கும். வீக்கம் அடங்காமல் நீடித்தால் தடித்து நார் போலாகி, முட்டி மடங்கும் ஒவ்வொரு முறையும் தொடை எலும்பின் உள்முனையில் உரசும்.

அதனால் ரிப்போர்ட்டில் ப்ளைக்கா என்று இருந்தாலே அதுதான் வலிக்குக் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. வலியே இல்லாத முட்டியை ஸ்கேன் செய்தாலும் அது தெரியலாம். எதிர்த் தவறும் நடக்கிறது. ஸ்கேனில் சரியாகத் தெரியவில்லை என்பதால், “ஒண்ணுமில்ல, மனசுதான் காரணம்” என்று அனுப்பிவிடுகிறார்கள். எக்ஸ்ரேயில் இந்த மடிப்பு தெரியவே தெரியாது. எம்.ஆர்.ஐ.யில்கூட மூட்டுக்குள் கொஞ்சம் நீர் கோத்திருந்தால்தான் தெளிவாகத் தெரியும். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் இங்கே முக்கியமாக உதவுவது, வேறு கோளாறு இல்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான்.

இந்த நோயைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் விரல்தான். ஆசிரியையைக் காலை நீட்டிப் படுக்கச் சொன்னேன். சில்லின் உள் ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, கட்டைவிரலை வைத்து மெதுவாக உருட்டினேன். பாவாடை நாடாவைத் துணிக்கு மேலே தடவிப் பார்ப்பது போல, வார் மாதிரி ஒன்று விரலுக்கடியில் நழுவியது. “அங்கதான், அங்கேயேதான்” என்றார். அதே இடத்தைக் கொஞ்சம் கீழே அழுத்திப் பிடித்தபடி முட்டியைத் தொண்ணூறு டிகிரிக்கு மடக்கியதும் வலி குறைந்தது. மறு காலில் இந்த வித்தியாசம் இல்லை. இப்படி இரண்டு முட்டியையும் தொட்டு, மடக்கி, ஒப்பிட்டுப் பார்க்காமல் வெறும் ஸ்கேன் காகிதத்தை வைத்து யாராவது முடிவு சொன்னால், இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். இந்தச் சோதனையும் நூற்றுக்கு நூறு சரியாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். நோயாளி சொல்லும் கதையோடு அது பொருந்த வேண்டும்.

அந்தக் கதையைச் சொல்வதிலும் தவறு நேர்கிறது. “முட்டி வலிக்குது” என்று மட்டும் சொன்னால் போதாது. எங்கே என்று ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுங்கள். எப்போது என்று சொல்லுங்கள். ப்ளைக்காவில் மாடி ஏறி இறங்கும்போதும், குந்தி எழும்போதும், ஓ.எம்.ஆர். சாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழும்போதும் வலிக்கும். டக்கென்று சத்தம் கேட்கும். ஒரு நொடி பிடித்துக்கொண்ட மாதிரி இருந்து, பிறகு விட்டுவிடும். முட்டி அப்படியே பூட்டிக்கொண்டு நீட்டவே முடியவில்லை என்றால் அது வேறு. மெனிஸ்கஸ் கிழிந்து நடுவில் சிக்கியிருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது. முட்டி சுட்டு வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை முட்டி வலிக்கிறது என்று நொண்டினால் இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பில் இருக்கும் கோளாறு முட்டியில் வலியாகத் தெரிவது பிள்ளைகளிடம் உண்டு.

இனி வைத்தியத்துக்கு வருவோம். இதில் என்னை மிகவும் வருத்துவது, தைலம் போட்டு அழுத்தி நீவுவது. ஏற்கெனவே உரசிப் புண்பட்ட மடிப்பை இன்னும் தேய்த்தால் அது தடிக்கத்தான் செய்யும். ஆசிரியையின் மாமியார் பாசத்தோடு இரண்டு மாதம் நீவிவிட்டிருக்கிறார். அன்றைய ராத்திரிக்கு இதமாக இருக்கும், மறுநாள் ரயில் நிலையப் படியில் உயிர் போகும். மேலாகத் தடவுவதில் தப்பில்லை, அழுத்தத்தான் கூடாது. இறுக்கமான ‘நீ கேப்’ (முட்டி உறை) போட்டுக்கொண்டு நாள் முழுக்க இருப்பதும் இப்படித்தான், சில்லை அழுத்தி உரசலைக் கூட்டலாம். வீக்கம் இருக்கும்போது துணியில் சுற்றிய ஐஸைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைப்பது நல்லது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டாக்டர் சொன்ன சில நாட்களுக்கு அவை உதவும். மாதக்கணக்கில் தின்றால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

அடுத்தது, முழு ஓய்வு. வலிக்கிற வேலையைக் குறைக்கச் சொன்னால், காலையே அசைக்காமல் வைத்துக்கொள்கிறார்கள். தொடையின் முன்பக்கத் தசை ரொம்பச் சீக்கிரம் கரையும் தசை. ஆசிரியைக்குச் சில்லுக்கு மேலே பத்து சென்டிமீட்டரில் இன்ச் டேப் வைத்து அளந்தேன். நல்ல காலைவிட வலிக்கும் கால் இரண்டு சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. இதற்கு நேர்மாறாக, ஜிம்மில் சேர்ந்து, உட்கார்ந்தபடி முட்டியை நீட்டி எடை தூக்கும் லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் எடை ஏற்றுகிறவர்களும், ஆழமாகக் குந்தி எழுகிறவர்களும், சீட்டைத் தாழ வைத்துச் சைக்கிள் மிதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். வலியை மிதித்துக்கொண்டே செய்யும் பயிற்சி ப்ளைக்காவுக்கு ஆகாது.

நாங்கள் ஆரம்பித்தது எளிமையானது. துண்டைச் சுருட்டி முட்டிக்கடியில் வைத்து, தொடையை இறுக்கித் துண்டைக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணி விட வேண்டும். அடுத்து, நீட்டிய காலை ஒரு சாண் உயரம் தூக்கி இறக்குவது. படுத்தபடி பாதத்தில் துண்டை மாட்டி, தொடையின் பின்பக்கத்தை மெல்ல இழுத்துவிடுவது. பின்தொடை இறுகியிருந்தால் முட்டி கொஞ்சம் மடங்கியபடியே வேலை செய்யும், உள்ளே அழுத்தம் கூடும். இடுப்புத் தசைகளுக்கும் பயிற்சி சேர்த்தோம். வீட்டில் கோலத்தைக் கொஞ்ச நாள் சிறியதாக, ஸ்டூலில் உட்கார்ந்து போடச் சொன்னேன். அதற்குத்தான் அவர் முகம் சுருங்கியது.

பத்து நாள் செய்துவிட்டு, “பிசியோ கேக்கல, டாக்டர்” என்று ஆபரேஷனுக்கு ஓடுவது பெரிய தவறு. இந்தப் பயிற்சிக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரமாவது கொடுக்க வேண்டும். பலருக்கு அதிலேயே சரியாகிவிடும். நடுவில் ஸ்டீராய்டு ஊசி போடலாமா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார். நோயின் தொடக்கத்தில் போட்டால்தான் அது நன்றாக வேலை செய்யும். சர்க்கரை இருப்பவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாதக்கணக்கில் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தீராவிட்டால் ஆர்த்ராஸ்கோபி இருக்கிறது. சிறு துளைகள் வழியாகக் கேமராவை நுழைத்து, தடித்த மடிப்பை எடுத்துவிடுவார்கள். நோயைச் சரியாகக் கண்டுபிடித்துச் செய்த ஆபரேஷன் நல்ல பலன் தரும். வலிக்கு வேறு காரணம் இருக்க, கண்ணில் பட்ட மடிப்பை வெட்டினால் வலி அப்படியேதான் இருக்கும். ஆபரேஷன் முடிந்ததும் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. விட்டால் தசையும் திரும்பாது, உள்ளே தழும்பும் இறுகும்.

ஆசிரியைக்கு அது தேவைப்படவில்லை. மூன்றாம் மாதக் கடைசியில் மறுபடி அளந்தோம், வித்தியாசம் அரை சென்டிமீட்டர். கோலம் இன்னும் ஸ்டூலில்தான் போடுகிறாராம். மார்கழிக்குள் தரையில் உட்கார்ந்துவிடலாமா என்று கேட்டார். முதலில் சின்னப் புள்ளிக் கோலமாகப் போட்டுப் பாருங்கள் டீச்சர் என்றேன்.