நரம்பு நோய் வினாத்தாள்: ‘கஷ்டமில்லை’ என்ற பதிலை அப்படியே எழுதாதீர்கள்

போன மாதம் பயிற்சிக்கு வந்த ஒரு பிள்ளை, கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரிடம் கை நரம்பு நோய்க்கான பொஸ்டன் வினாத்தாளை வாசித்துக்கொண்டிருந்தார். “எழுதுறது கஷ்டமா அக்கா?” “இல்லீங்க மிஸ்.” ‘கஷ்டமே இல்லை’ என்பதற்கான 1ஐச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு. பெயர், திகதி எழுத மறப்பதையெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அவற்றை நீங்களே திருத்திக்கொள்வீர்கள்.

செய்யாத வேலைக்கு மதிப்பெண் போடுவது

மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெரிபடும் நோய்க்காக 1993இல் வந்தது இந்தப் பொஸ்டன் வினாத்தாள். நோய்க்குறிகளுக்கு 11 கேள்விகள், கை வேலைகளுக்கு 8 கேள்விகள். 1 என்றால் கஷ்டமே இல்லை, 5 என்றால் செய்யவே முடியவில்லை. கை வேலைகளில் எழுதுவது, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாசிப்பது என்று இரண்டு உண்டு.

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்த அக்காவிடம் இரண்டையும் கேட்டேன். கஷ்டமில்லை என்றார். பொய் சொல்லவில்லை. அவர் பேனா பிடித்தே வருடக்கணக்காகியிருந்தது, புத்தகம் வாசிக்கும் பழக்கமும் இல்லை. செய்யாத வேலையில் என்ன கஷ்டம் வரும்? நான் இரண்டுக்கும் 1 போட்டேன். பொத்தான் போடுவது 3, போன் பிடிப்பது 3, போத்தல் மூடி திறப்பது 4, வீட்டு வேலை 4, பை தூக்குவது 4, குளித்து உடுத்துவது 3. எட்டையும் கூட்டி வகுத்தால் 2.9. அந்த இரண்டையும் வெறுமையாக விட்டு மீதி ஆறை வகுத்திருந்தால் 3.5. பொருந்தாத கேள்வியைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதுதான் இந்த வினாத்தாளின் முறை. நான் அதைச் சரியாகப் படிக்கவில்லை.

2.9ஐப் பார்த்து, இரவில் கட்டிக்கொள்ள மணிக்கட்டுப் பட்டி கொடுத்து அனுப்பினோம். ஏழு மாதம் கழித்து வந்தபோது பெருவிரலின் அடிச்சதை குழி விழுந்திருந்தது. கூடை நிறையக் கொழுந்து எடுத்த கை அது. இப்போது காம்பைக் கிள்ளவே முடியவில்லை, பாதி நாள் சம்பளம்தான் வருகிறது என்றார். சதை வற்றிய பிறகு அறுவைச் சிகிச்சை செய்தாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு வினாத்தாளை நம்பியதோடு நிற்காமல் அந்தக் கையைத் தொட்டு, பெருவிரலை என் விரலுக்கு எதிராக அழுத்தச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அதனால் ‘கஷ்டமில்லை’ என்று பதில் வந்தால் இன்னொரு கேள்வி கேளுங்கள்: “கடைசியா எப்ப அக்கா செஞ்சீங்க?” ஞாபகம் இல்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். அப்புறம், ‘கொழுந்து பறிக்க முடிகிறதா’ என்பதைத் தாளின் ஓரத்தில் தனியாக எழுதுங்கள். அதை எட்டோடு சேர்த்துக் கூட்டாதீர்கள். கூட்டினால் வேறு எந்த ஆஸ்பத்திரியின் எண்ணோடும் அதை ஒப்பிட முடியாது.

‘விறைக்குது’ என்பதை ஒரே அர்த்தத்தில் எடுப்பது

நுவரெலியாவில் மார்கழிக் காலையில் யாரைக் கேட்டாலும் கால் விறைக்குது என்பார்கள். அது குளிர். உணர்ச்சி இல்லாததை ஒருவர் மரத்துப் போச்சு என்பார், இன்னொருவர் மதமதப்பு என்பார். வாசிக்கும்போது உங்கள் வாயில் வந்த சொல்லைப் போட்டால் திங்கட்கிழமை ஒரு வினாத்தாள், வியாழக்கிழமை வேறொரு வினாத்தாள். ஆங்கில வினாத்தாளை இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழில் மொழிபெயர்த்து, அதை ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதை மறுபடி ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துப் பார்த்த பிறகு, நாலைந்து நோயாளிகளுக்கு வாசித்துக் காட்டி “என்ன விளங்குச்சு?” என்று கேட்க வேண்டும். அதற்குப் பின் ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது.

தலைகீழ்க் கேள்விகள்

சர்க்கரை நோயாளிகளுக்கான மிச்சிகன் வினாத்தாளில் 15 கேள்விகள். 7ஆவதிலும் 13ஆவதிலும் ‘இல்லை’ என்பதற்குத்தான் மதிப்பெண்.

கூட வந்தவர் பதில் சொல்வது

வெளியே உட்காரச் சொல்லுங்கள்.

எரிச்சல் நின்றதும் சந்தோஷப்படுவது

சர்க்கரை நோயில் ராத்திரி முழுக்க எரிந்த பாதம் அடுத்த வருடம் எரியவில்லை என்றால், நரம்பு தேறியிருக்கலாம், செத்தும் போயிருக்கலாம். வலிக்கான எண் இரண்டிலும் குறையும். செருப்பைக் கழற்றச் சொல்லி பாதத்தைப் பாருங்கள், உணர்ச்சியைச் சோதிக்கும் மெல்லிய நைலோன் இழையான மென்னிழையால் தொட்டுப் பாருங்கள்.

எந்த இரண்டு வாரம் என்று எழுதாமல் விடுவது

பொஸ்டன் கேட்பது கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. கொழுந்து குவியும் மாதத்தில் வந்தவரும், தீபாவளிக்கு லீவில் இருந்துவிட்டு வந்தவரும் ஒரே கைக்கு வேறு வேறு எண் சொல்வார்கள். அந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனார் என்று திகதிக்குப் பக்கத்தில் குறியுங்கள்.