தோழியோடு சேர்ந்து ஹாக்கி காதல் நாவல் படிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

“அவனை வேற டீமுக்கு அனுப்பிடுவாங்களாடி?”

நாங்கள் சேர்ந்து படித்த ஹாக்கி காதல் நாவலின் கதாநாயகனைப் பற்றித் தோழி போனில் இப்படிக் கேட்டபோது அவள் 27ஆம் அத்தியாயத்தில் இருந்தாள். அந்த வாரம் 28ஐத் தாண்டக் கூடாது என்று இருவரும் பேசிவைத்திருந்தோம். தூக்கம் வராத ஒரு ராத்திரியில் நான் 31 வரை போய்விட்டேன். அவள் கேள்விக்கு நான் எந்தப் பதிலும் சொல்லவில்லை. இரண்டு விநாடி பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். “சரி, புரிஞ்சிடுச்சு” என்றாள். குரல் இறங்கிவிட்டது. நான் நெஞ்சு படபடக்கப் படித்த அத்தியாயங்களை அவள் தெரிந்த செய்தியைச் சரிபார்ப்பதுபோலப் படித்து முடித்தாள்.

சேர்ந்து படிப்பதில் நடக்கும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். “காதல் நாவல்தானே, கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று யாருக்குத்தான் தெரியாது, இதில் என்ன ரகசியம்?” என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மாறாகத் தோன்றுகிறது. அமெரிக்காவின் ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்குச் சொன்ன வரையறையிலேயே இரண்டு அம்சங்கள்தான்: கதையின் மையத்தில் காதல், மனநிறைவும் நம்பிக்கையும் தரும் முடிவு. ஆக, முடிவு முதல் பக்கத்திலேயே கைக்கு வந்துவிடுகிறது. படிப்பவளுக்கு மிச்சம் இருப்பது வழி மட்டும்தான். எந்த இடத்தில் அவன் மனசு மாறுகிறான், எங்கே உடைகிறது, யார் முதலில் இறங்கிவருகிறார்கள். அதையும் நாம் கொட்டிவிட்டால் அவளுக்கு என்ன இருக்கிறது?

ஸ்பாய்லர் என்றால் கதையைச் சொல்வது மட்டுமே என்று நினைக்க வேண்டாம். “ஐயோ, நீ இன்னும் அங்கேயே இருக்கியா?” என்பதும் ஸ்பாய்லர்தான். “அந்த கோல்கீப்பரைக் கொஞ்சம் கவனிச்சுக்கோ” என்பது இன்னும் மோசம். கெட்டதே நடக்காத அத்தியாயத்தைப் பற்றி அவள் சந்தோஷமாகப் பேசும்போது நாம் அழும் முகத்தை அனுப்பினால், வரப்போவது அவளுக்குத் தெரிந்துவிடும். முந்திப் போய்விட்டால் அதைச் செய்தவுடனே ஒத்துக்கொள்வது நல்லது: “நான் 31ல இருக்கேன், 28க்கு மேல எதுவும் என்கிட்ட கேக்காதே.” நான் அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டாள். செய்தி அனுப்பும்போது முதல் வரியில் அத்தியாய எண்ணை மட்டும் போட்டு, நாலு வரி விட்டு மற்றதை எழுதுங்கள். பூட்டிய திரையில் தெரியும் முன்னோட்டத்தில் எத்தனையோ முதல் முத்தங்கள் வீணாகியிருக்கின்றன. வாய்ஸ் நோட் இன்னும் பாதுகாப்பு. அவள் தயாரானதும் கேட்டுக்கொள்வாள்.

அடுத்த தவறு, நாவலைப் பக்கக் கணக்கில் பங்கு போடுவது. ஒரு நாளைக்கு 50 பக்கம் என்று பேசிக்கொள்வோம். அவள் போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பாள், என்னுடையது அச்சுப் புத்தகம். இரண்டு 50ம் ஒன்றாகாது. அத்தியாய எண்தான் சரியான அளவு, ஆடியோவில் கேட்பவர்களுக்கும் அது பொருந்தும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்த நாவல்களில் பெரும்பாலானவை ஓர் அத்தியாயம் கதாநாயகி பார்வையிலும் அடுத்தது கதாநாயகன் பார்வையிலும் நகரும். அவன் தரப்பு மட்டும் முடிந்த இடத்தில் நிறுத்தினால் அன்றைய பேச்சு முழுக்க அவள்மேல் பழியாகவே போகும். மறுநாள் அவள் தரப்பைப் படித்த பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பேச வேண்டியிருக்கும். இரண்டு பேர் தரப்பும் ஒரு சுற்று வந்து முடியும் இடத்தில் நிறுத்துங்கள். பெரிய அத்தியாயம் ஒன்று வரப்போகிறது என்று தோன்றினால் அதைத் தனியாக ஒதுக்கி, ஒரே ராத்திரியில் இருவரும் படியுங்கள்.

ஹாக்கியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும், ஏனென்றால் பலரும் அதை அலங்காரமாக நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். ஆட்டக் காட்சி வந்ததும் விரலை ஓட்டி, காதல் வசனம் வரும் இடத்துக்குத் தாவிவிடுவது. ஒருவர் தாவி மற்றவர் தாவாவிட்டால் இருவரும் வேறு வேறு நாவலைப் படித்தவர்கள் ஆகிவிடுகிறோம்.

இது மைதானத்தில் 11 பேர் ஆடும் ஹாக்கி அல்ல. பனித்தரையில், ஒரு பக்கம் கோல்கீப்பரோடு சேர்த்து 6 பேர், 20 நிமிடங்களாக மூன்று பகுதிகள். ஆட்டக்காரர் ஒரு முறை இறங்கினால் ஏறக்குறைய முக்கால் நிமிடம்தான் ஆடுவார். அந்த வேகத்தில் அதற்குமேல் தாங்காது. மூச்சிரைக்க பெஞ்சுக்குத் திரும்புவார், இன்னொருவர் இறங்குவார். எழுத்தாளருக்கு இது பெரிய வசதி. களத்தில் அவனுக்கு யோசிக்க நேரமே கிடையாது, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவன் நிமிர்ந்து அரங்கில் அவள் இருக்கையைத் தேடுகிறான். பெனால்டி பாக்ஸ் இதைவிட அழகு. சின்னத் தவறுக்கு இரண்டு நிமிடம், அணித் தோழர்களை விட்டுப் பிரிந்து, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வேண்டும். அவனால் ஒன்றும் செய்ய முடியாது. அவன் இல்லாத இடத்தில் அவன் அணி ஓர் ஆள் குறைவாகத் திணறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கோபக்காரக் கதாநாயகன் தன் கோபத்தின் விலையை முதல்முறையாகக் கண்ணால் பார்க்கும் இடம் அது. இதைத் தாண்டிப் போனவருக்கு, அடுத்த காட்சியில் அவன் ஏன் இவ்வளவு தணிந்து பேசுகிறான் என்பது விளங்காது.

சண்டைக் காட்சியிலும் இதே கதைதான். வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எச்எல்லில் கைகலப்புக்கு 5 நிமிட பெனால்டி. இருவரும் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்து ஆடலாம். அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் சண்டை போட்டால் அந்த ஆட்டத்திலிருந்தே வெளியேற்றம், அடுத்த ஆட்டமும் கிடையாது. அதனால் கல்லூரியில் நடக்கும் நாவலில் அவளை ஒருவன் தரக்குறைவாகப் பேசினான் என்று கையை ஓங்கும் கதாநாயகன், தொழில்முறை வீரனைவிடப் பெரிய விலை கொடுக்கிறான். இது தெரியாமல் “இதென்ன பெரிய தியாகமா?” என்று படிக்கும் நாம் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்வதில் பொருளே இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் ட்ரேட். ஒப்பந்தத்தில் தனியாகப் பாதுகாப்பு எழுதி வாங்காத ஆட்டக்காரரை, அவர் சம்மதத்தைக் கேட்காமலே அணி நிர்வாகம் இன்னோர் அணிக்குக் கொடுத்துவிடலாம். காலையில் ஒரு போன் வரும், அடுத்த விமானத்தில் கிளம்ப வேண்டியதுதான். கோப்பைக்கான இறுதிச் சுற்றுகள் தவிர்த்த வழக்கமான சீசன் பெரும்பாலும் ஏப்ரலில் முடியும், ட்ரேட் செய்வதற்கான கடைசி நாள் பெரும்பாலும் மார்ச் மாதத் தொடக்கத்தில் வரும். இது தெரிந்தால் நாவலில் பிப்ரவரி பிறந்ததும் ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்பது புரியும். தெரியாவிட்டால் “அவளை விட்டுட்டு எப்படிப் போக மனசு வந்தது அவனுக்கு?” என்று நியாயமே இல்லாமல் அவன்மேல் கோபப்படுவோம். என் தோழி அப்படித்தான் ஒரு வாரம் அவனைத் திட்டித் தீர்த்தாள். அதேபோல, 2025-26 சீசன்வரை என்எச்எல்லில் ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள், பாதி வெளியூரில். போனில் வளரும் காதல்கள் இந்த நாவல்களில் இவ்வளவு இருப்பது இதனால்தான். நாவல்களில் அணியின் பெயர் பெரும்பாலும் கற்பனையாக இருக்கும், இந்த அமைப்பு கற்பனை அல்ல.

அதற்காக, தெரிந்தவர் தெரியாதவருக்கு வகுப்பு எடுக்கவும் கூடாது. முதல் நாளே விதிப் புத்தகத்தை ஒப்பித்தால் யாருக்கும் ஆசை விட்டுப்போகும். கேட்டால் மட்டும் சொல்லுங்கள், அதுவும் இரண்டு வரியில். ஒரு முழு ஆட்டத்தைச் சேர்ந்து பார்ப்பது பத்து விளக்கங்களுக்குச் சமம்.

இப்போது கொஞ்சம் கனமான விஷயம். நாவலைத் தேர்ந்தெடுக்கும்போது அட்டையை நம்பிவிடுவது. சிரித்த முகத்தோடு, மென்மையான நிறங்களில் வரைந்த அட்டை இருக்கும். உள்ளே வெளிப்படையான படுக்கையறைக் காட்சிகள் பல அத்தியாயங்களுக்கு நீளும். அதில் தவறு ஒன்றும் இல்லை, தெரிந்து எடுப்பவர்களுக்கு. ஆனால் ஒருத்திக்கு அது இயல்பாகவும் இன்னொருத்திக்குக் கூச்சமாகவும் இருக்கலாம். அந்தக் கூச்சத்தைக் கேலி செய்தால் அதற்குப் பிறகு அவள் எதைப் பற்றியும் மனம்விட்டுப் பேச மாட்டாள். எவ்வளவு தூரம் சரி, அந்த அத்தியாயங்களைப் பேசுவோமா, சத்தமில்லாமல் கடந்துவிடுவோமா என்று தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அட்டையைவிட ஆபத்தானது முன்பக்க எச்சரிக்கைக் குறிப்பைப் படிக்காமல் விடுவது. தலையில் அடிபட்டு ஆட்ட வாழ்க்கையே முடிந்துபோவது, போதைப் பழக்கம், அடிக்கும் அப்பா, கருச்சிதைவு என்று பல விஷயங்கள் இந்தக் கதைகளில் வரும். பல எழுத்தாளர்கள் அவற்றைப் புத்தகத்தின் தொடக்கத்திலோ தங்கள் இணையதளத்திலோ பட்டியலிட்டிருப்பார்கள். ஒருமுறை நான் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு நேராகக் கதைக்குப் போய்விட்டேன். இன்னொரு தோழி, அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகாதவள், என்னோடு சேர்ந்து படித்தாள். 14ஆம் அத்தியாயத்தில் கதாநாயகன் ஆட்டம் முடிந்து லாக்கர் அறைக்கு வருகிறான். போனில் அம்மாவின் தவறிய அழைப்புகள் 11. அந்தப் பக்கத்தின் பாதியில் அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். இரண்டு நாள் செய்தியே இல்லை. பிறகு, “எனக்கும் அப்படித்தான் வந்துச்சு, 11 இல்ல, 6” என்று மட்டும் எழுதினாள். ஒரு நிமிடம் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தால் நான் வேறு நாவலை எடுத்திருப்பேன், அல்லது அவளிடம் முன்பே சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து அந்தப் பக்கத்தை நான் முதலில் படித்து, கதையைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாதியில் நிறுத்துவதற்கும் அவளுக்கு முழு உரிமை உண்டு. காரணம் கேட்க வேண்டாம்.

கதாநாயகனுக்காக வக்காலத்து வாங்குவது இன்னொரு பழக்கம். அவன் கதாநாயகியின் போனை எடுத்துப் பார்த்தது எனக்கு அக்கறையாகத் தெரிந்தது, என் தோழிக்கு அடக்குமுறையாகத் தெரிந்தது. “உனக்கு ரொமான்ஸே வராதுடி” என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் அவனைத்தான் குறை சொன்னாள், என்னை அல்ல. எந்த வரியில் அப்படித் தோன்றியது என்று கேட்டிருந்தால் போதும். பிறகு கேட்டேன். “அவ கதவைப் பூட்டுனதுக்கு அப்புறமும் அவன் பேசிக்கிட்டே இருக்கான் பாரு” என்று ஒரு வரியைக் காட்டினாள். நான் அதை இரண்டு முறை படித்தும் கவனிக்காத வரி. சேர்ந்து படிப்பதில் எனக்குக் கிடைத்ததில் விலை உயர்ந்தவை இப்படி அவள் கண்ணால் பார்த்தவைதான்.

தொடர் வரிசையைக் குலைத்து எடுப்பதும் சிக்கலே. ஓர் அணியில் ஆளுக்கொரு நாவல் என்று இவை வரும். மூன்றாவதை முதலில் எடுத்தால் முதல் இரண்டு ஜோடிகளும் குழந்தையோடு வந்து நிற்பார்கள். ஒருத்தி முன்பே முதல் பாகத்தைப் படித்திருந்தால் அதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கதை முடிந்தபின் வரும் கடைசிப் பகுதியான எபிலாக்கைத் தனித்தனியாக முடித்துவிட்டு “நல்லா இருந்துச்சு” என்று ஒற்றை வரியில் செய்தி அனுப்பாதீர்கள். என்எச்எல்லின் சாம்பியனுக்குத் தரப்படும் ஸ்டான்லி கோப்பையை வென்ற அணியில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அந்தக் கோப்பையோடு ஒரு நாள் தரப்படும். அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், பிறந்த ஊருக்குக் கொண்டுபோகலாம். நான்கு சுற்றுகளில் 16 வெற்றிகள் பெற்றால்தான் அது கைக்கு வரும். கோப்பையை வெல்லும் கதைகளில் எபிலாக்குக்கு இந்த நாள் பொருத்தமான இடம். ட்ரேட்டில் அல்லாடிய அந்த நாவலும் அங்கேதான் முடிந்தது. நாங்கள் அந்த எபிலாக்கை மட்டும் போனில் சத்தமாகப் படித்தோம். அவன் பகுதி எனக்கு, அவள் பகுதி தோழிக்கு. கோப்பையை அவன் சமையலறை மேசையில் வைக்கும் இடத்தில் அவள் நிறுத்தி, அந்த வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். புத்தகத்தின் பின்பக்கத்தில் அடுத்த பாகத்தின் முதல் அத்தியாயம் இருந்தது. அதை அன்றைக்கு இருவருமே திறக்கவில்லை.